மூன்று அலுமினா வடிகட்டித் தட்டுகள்: அட்டையில் ஒரே எண், உள்ளே வேறு வேறு துளைகள்

தண்ணீர் வடிகட்ட உதவும் நுண்துளை அலுமினா (அலுமினிய ஆக்சைடு) தட்டுகள் மூன்று அடங்கிய செட் ஒன்றை வாங்கி ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன். ஒன்று வெறும் அலுமினா, ஒன்று டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) கலந்தது, இன்னொன்று மெக்னீசியா (மெக்னீசியம் ஆக்சைடு) கலந்தது. மூன்றிலுமே துளை விகிதம், அதாவது தட்டின் கன அளவில் துளைகளின் பங்கு, 40% என்று போட்டிருக்கிறது. தண்ணீரில் கொதிக்கவைத்து எடைபோட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட சரிதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

டைட்டானியா தட்டில் தண்ணீர் மடமடவென்று இறங்குகிறது. தட்டைச் சுட்டுச் செய்யும்போது, மூன்று மின்சுமை கொண்ட அலுமினிய அயனியின் இடத்தில் நான்கு மின்சுமை கொண்ட டைட்டானியம் போய் உட்காரும்போது படிகத்துக்குள் காலியிடங்கள் உண்டாகின்றன, அவற்றின் வழியே அயனிகள் வேகமாக நகர்வதால் குறைந்த சூட்டிலேயே துகள்கள் ஒட்டிப் பருக்கின்றன, சின்னத் துளைகள் மறைந்து பெரியவை மிஞ்சுகின்றன. நனைத்த தட்டின் அடியிலிருந்து காற்றழுத்தம் கொடுத்தால் இது தெரிந்துவிடும். 10 மைக்ரான் துளையில் சுமார் 0.3 பார் (காற்றழுத்த அலகு) அழுத்தத்திலேயே குமிழி வரும், 5 மைக்ரான் என்றால் இரண்டு மடங்கு வேண்டும். டைட்டானியா தட்டுதான் முதலில் குமிழி விட்டது, மெக்னீசியா கடைசியில்.

மெக்னீசியா தட்டு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு துகள் மற்றவற்றை விழுங்கித் தாறுமாறாக வளர்வதை மெக்னீசியா தடுக்கிறது, அதனால் துளைகள் சிறிதாக, சீராக இருக்கின்றன. சோடியம் விளக்குக் குழாய்களுக்கான ஒளி ஊடுருவும் அலுமினாவைச் செய்ததும் இதே மெக்னீசியாவை வைத்துத்தான். அங்கே துளையே இல்லாமல் போகும்வரை சுட்டார்கள், இங்கே பாதியில் நிறுத்துகிறார்கள். மெதுவாகத்தான் வடியும், ஆனால் கலங்கல் துளிகூட வராது.

வெறும் அலுமினா சுமார்தான், விளிம்பைச் சுரண்டினால் மாவு உதிர்கிறது.

அப்புறம் ஒரு குறை. அடைப்பை எரித்து எடுக்க 1,000 டிகிரியில் நான்கைந்து முறை சுட்டதில் டைட்டானியா தட்டில் மயிரிழை விரிசல்கள் வந்துவிட்டன. டைட்டானியா அதிகமானால் அலுமினியம் டைட்டனேட் உருவாகும். சூடேறினால் அது ஒரு திசையில் சுருங்கி மற்ற திசைகளில் விரியும், போதாததற்கு ஏறக்குறைய 750 முதல் 1,280 டிகிரிக்குள் சிதையவும் செய்யும். அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எத்தனை சதவீதம் கலந்திருக்கிறார்கள் என்று அட்டையில் ஒரு வரி போட்டிருந்தால் அந்தச் சூட்டுக்கு அதைக் கொண்டுபோயிருக்கவே மாட்டேன். விற்றவர்களிடம் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. மெக்னீசியா தட்டு மட்டும் தனியாகக் கிடைத்தால் இன்னும் இரண்டு வாங்குவேன்.