அருகா, மெக்சிகனா, பொடுதலையா?

நர்சரியில் போய் "லான் போடணும்" என்றால் கடைக்காரர் நேராக மெக்சிகன் புல்லிடம்தான் கூட்டிக்கொண்டு போவார். மெல்லிய இழை, கரும்பச்சை, விரலை விட்டால் மண் தட்டுப்படாத அடர்த்தி. வேண்டாமென்று சொல்ல மனசு வராது. எனக்கும் வரவில்லை. தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டு முன்னால் 500 சதுர அடியில் பாதிக்கு அதைப் பதித்தேன். கையில் காசு தீர்ந்ததால், மீதிப் பாதிக்குப் பக்கத்துக் காலி மனையில் பிடுங்கிய அருகம்புல். நடுவில் ஒரு வரிசைச் செங்கல். மூன்று கோடை பார்த்தாயிற்று.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். மே மாத வெயிலில் புல்தரைக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 500 சதுர அடிக்கு ஏறக்குறைய 230 லிட்டர். 1000 லிட்டர் தொட்டி நாலு நாளில் காலி. சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை என்று பெயர்தான்; பாதிக்கு மேல் ஐப்பசியை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆகவே எந்தப் புல் அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், தண்ணீர் விடாத வாரத்தில் எது என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும்.

அருகு காய்ந்து பழுப்பாகும். செத்துவிட்டது என்றே நினைப்போம். கோடை மழை ஒன்று இறங்கட்டும், ஒரு வாரத்தில் கணுவுக்குக் கணு பச்சை கிளம்பும். மண்ணுக்கு மேலே ஓடுகிற கொடி ஒன்று, உள்ளே ஓடுகிற தண்டு ஒன்று, இரண்டும் இருப்பதால் வரும் தெம்பு அது. "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாணத்தில் சும்மாவா வாழ்த்துகிறார்கள்!

மெக்சிகனும் வெயில் தாங்கும், போர் தண்ணீரின் உப்பையும் ஓரளவு தாங்கும். ஆனால் மெதுவாக வளர்கிற ஜாதி. அதுவே அதன் நல்ல குணம், அதுவே கெட்ட குணம். அடிக்கடி வெட்ட வேண்டாம் என்பது உண்மை. ஆனால் ஒரு தெருநாய் இரண்டு பக்கத்திலும் பக்கத்துக்கொரு குழி பறித்தது. அருகு மூன்று வாரத்தில் மூடிக்கொண்டது, மெக்சிகன் அடுத்த மழைக்காலம் வரை மொட்டையாகக் கிடந்தது.

வெட்டாமல் விட்டாலும் ஆபத்து. போன வருஷம் அப்படித்தான் சோம்பேறித்தனமாக இருந்தேன். புல் மேடுமேடாக உப்பி, பழைய இலவம்பஞ்சு மெத்தையில் நடப்பது மாதிரி ஆனது. மெஷின் வைத்து ஒட்ட வெட்டியதும் அடியில் பச்சையே இல்லை, வைக்கோல்தான். பச்சை திரும்ப இரண்டு மாதம் ஆனது. ஒரு தடவைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பதை அன்றைக்குத்தான் மனப்பாடம் செய்தேன்.

அருகின் தொல்லை வேறு. மழைக்காலத்தில் வாராவாரம் வெட்டியாக வேண்டும். பூச்செடிப் பாத்திக்குள் நுழையும், நடைபாதைக் கல் இடுக்கில் தலைநீட்டும். நிழலும் ஆகாது, மதில் நிழல் விழும் இடத்தில் மெலிந்து மெலிந்து காணாமல் போனது. அங்கே மெக்சிகன் பரவாயில்லை. நர்சரியில் 'பெர்முடா' என்று விலை சொன்னால் மலைக்காதீர்கள், அதுவும் அருகு ஜாதிதான். கார்பெட் கிராஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஈரமும் புளிப்பு மண்ணும் கேட்கிற புல், எங்கள் உப்புத் தண்ணீருக்கு ஒத்துவராது.

எந்தப் புல்லானாலும் மண்ணில் கோட்டை விட்டால் போச்சு. புது வீட்டு முற்றத்தில் அரை அடி தோண்டினால் வருவது மண் இல்லை, செங்கல் துண்டும் காய்ந்த சிமெண்ட் கட்டியும்தான். அதைப் பொறுக்கிவிட்டு ஒரு லோடு செம்மண் அடித்தேன். மண்ணோடு கோரைக்கிழங்கும் இலவசமாக வந்து இறங்கியது. கோரையை மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி முளைக்கும். மண்ணைக் கொட்டியதும் புல் நடாமல், ஒரு மாதம் தண்ணீர் தெளித்து எல்லாக் கோரையையும் முளைக்கவிட்டு, களைக்கொத்தியால் கிழங்கோடு தோண்டி எடுத்திருக்க வேண்டும். நான் அவசரப்பட்டேன்; இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் குந்தி உட்கார்ந்து அனுபவிக்கிறேன்.

மாமரத்தடியில் இரண்டு புல்லும் தேறவில்லை. அங்கே பொடுதலை வைத்தேன், பாட்டி பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவாரே அதேதான். வரப்போரம் படர்கிற செடி, தரையோடு ஒட்டிக்கொள்வதால் வெட்டும் வேலை அநேகமாக இல்லை. கிளை கழித்து வெயில் கொஞ்சம் விழும் இடத்தில் நன்றாகப் பிடித்தது, அடிமரத்தை ஒட்டி மட்டும் சோகையாக நிற்கிறது. குட்டிப் பூக்களுக்குத் தேனீ வரும், வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைகள் இருந்தால் யோசியுங்கள். ஓரம் கட்டாமல் விடவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் இதன் நெருங்கிய சொந்தச் செடி ஒன்று மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்ட களை.

திரும்பப் போடச் சொன்னால் வெயில் விழும் இடம் முழுக்க அருகுதான் போடுவேன். பிள்ளையார் சதுர்த்திக்கு வாசலிலேயே பறித்துக்கொள்ளலாம் என்பது மேல்வரும்படி. மெக்சிகன், மாதாமாதம் தோட்டக்காரர் வருகிற வீட்டுக்கு.

இந்தக் கோடையில் செங்கல் வரிசையைத் தாண்டி அருகு ஒரு அடி மெக்சிகனுக்குள் போய்விட்டது. போன வருஷம் உட்கார்ந்து பிடுங்கினேன். இந்த வருஷம் விட்டுவிட்டேன்.