வால்டர்ஸா, மக்ஸ்வெல்லா?

கிண்ணியாத் தயிர்ச்சட்டிக்குள் கரண்டியை விட்டு மெல்ல இழுத்து நிறுத்துங்கள். தயிர் சற்றே பின்வாங்கும். தண்ணீர் அப்படிச் செய்யாது. அந்த மீள்தன்மையுள்ள பாய்மம் இழுபடும் தகட்டின் மேல் ஓடினால் வெப்பம் எப்படிக் கடத்தப்படும்? நிலாவெளியில் அறை எடுத்துப் படிக்கும் தம்பி ஒருவன் இத்தகைய பாய்மங்களுக்கான வால்டர்ஸ் பி, மக்ஸ்வெல் என்ற இரண்டு கணித மாதிரிகளோடு வந்தான்: "எதை எடுக்க அண்ணே?"

வால்டர்ஸ் பி ஆசை காட்டும். சாதாரணப் பாய்மத்துக்கு 1970இல் கிரேன் என்ற ஆய்வாளர் இழுபடும் தகட்டுக்குக் கண்ட அடுக்குக்குறித் தீர்வே இங்கும் நிற்கும். அடுக்கின் குணகம் மட்டும் 1/√(1−மீள்தன்மை எண்) ஆகும். எண் 0.75 என்றால் குணகம் 2, வேகப் படையின் தடிப்பு பாதி. வெப்பச் சமன்பாடும் கும்மர் சார்பு என்ற அறிந்த கணிதச் சார்பில் முடிந்துவிடும். ஆனால் இது குறுகிய நினைவுள்ள, அதாவது முன்பட்ட இழுப்பைச் சீக்கிரம் மறந்துவிடும், பாய்மங்களுக்கான மாதிரி, மீள்தன்மை எண் சிறிதாக இருக்கவேண்டும்; 0.75 போடுவது கணக்குக்கு அழகு, பாய்மத்துக்குப் பொய். நான்காம் வரிசைச் சமன்பாட்டுக்கு எல்லை நிபந்தனைகள் நான்கு வேண்டும்; இயல்பாகக் கிடைப்பவை மூன்றுதான்.

மக்ஸ்வெல் தகைப்பு தளரும் நேரத்தையே உள்ளே வைத்திருக்கிறது. மூன்றாம் வரிசை, மூன்று நிபந்தனை. சூத்திரமாக எழுதக்கூடிய மூடிய தீர்வு இல்லை. தகட்டுச் சுவரில் வேகத்தின் சரிவை ஊகித்து, ரங்கே-குட்டா என்ற படிப்படியான எண்கணிப்பு முறையால், தூரத்து நிபந்தனை பொருந்தும்வரை எய்து பார்க்க வேண்டும். முடிவிலிக்குப் பதிலான தூர எல்லையை 6இல் வை, பிறகு 10இல் வை, சரிவு அசையக்கூடாது. மீள்தன்மையைப் பூச்சியமாக்கினால் கிரேன் தீர்வின் சரிவான −1 வரவேண்டும். தம்பிக்கு −1.03 வந்தது, எல்லையைக் கிட்ட வைத்திருந்தான்.

இரண்டிலும் மீள்தன்மை கூடினால் ஓட்டம் மந்தமாகி, தகடு ஆறுவது குறையும். நான் மக்ஸ்வெல்லையே எடுக்கச் சொன்னேன்.