கார் கண்ணாடி உடைக்கும் கைக்கருவி: வருடக்கணக்கில் வைத்திருந்து பார்த்ததில்

காருக்குள் மாட்டிக்கொண்டால் வெளியேற, கார் கண்ணாடியை உடைக்கும் கைக்கருவிகளில் மூன்று விதமானவற்றை இத்தனை வருடங்களில் வைத்திருந்து பார்த்துவிட்டேன். முதலாவது, கூர்முனை கொண்ட சின்ன சுத்தியல். அடுத்தது, டார்ச், பவர் பேங்க், சுத்தியல் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் திணித்த ஒரு வஸ்து. மூன்றாவது, சாவிக்கொத்தில் மாட்டுகிற கட்டைவிரல் அளவு ஸ்பிரிங் கருவி; கண்ணாடியில் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் கூர்முனையை வேகமாகத் தள்ளும். இப்போது காரில் மிஞ்சியிருப்பது இந்த மூன்றாவது மட்டும்தான், அதுவும் சாவிக்கொத்தில் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் கண்ணாடியைப் பற்றிப் பேசியாக வேண்டும். எந்தக் கருவி வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர், தங்கள் காரில் எந்தக் கண்ணாடி இருக்கிறது என்று பார்த்ததே இல்லை.

பெரும்பாலான கார்களின் கதவுகளில் இருப்பது டெம்பர்ட் கண்ணாடி. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வேகமான காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துச் செய்வார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், ஆனால் முடியாது. இதனால் வெளிப்பரப்பு எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், உட்பகுதி எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். கை முட்டியால் குத்தினாலும் ஷூ காலால் உதைத்தாலும் இது அசையாததற்குக் காரணம் அந்த வெளிப்பரப்புதான். ஆனால் அதைத் துளைத்துக்கொண்டு ஒரு ஊசிமுனை உள்ளே போய்விட்டால், மிச்ச வேலையைக் கண்ணாடியே செய்துகொள்ளும். உள்ளே அடைபட்டிருந்த இழுவிசை முழுக்க ஒரே நொடியில் வெளிப்பட்டு, மொத்தமும் சிறு துண்டுகளாக நொறுங்கிவிடும். எனவே இங்கே தோள்பலத்துக்கு வேலையில்லை. கண்ணாடியைவிடக் கடினமான, மிகச் சிறிய முனைதான் வேண்டும். நல்ல கருவிகளில் டங்ஸ்டன் கார்பைடு அல்லது பீங்கான் முனை இருப்பது இதனால்தான். சாதாரண இரும்பைக் கூராக்கி வைத்திருக்கும் மலிவு ரகங்களில் முனை மழுங்கும், கண்ணாடி அப்படியே நிற்கும்.

முன்கண்ணாடி வேறு ஜாதி. அது லேமினேட்டட்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை வாங்கிய யோசனையிலிருந்து வளர்ந்தது. விரிசல் விடும், ஆனால் கையளவு ஓட்டைகூட விழாது. விபத்தில் ஆள் வெளியே தூக்கி எறியப்படாமல் காப்பதும், வெளிச் சத்தத்தைக் குறைப்பதும் இதன் பலம். அந்தப் பலத்துக்காகவே இப்போது புதிய கார்கள் பலவற்றில் பக்கவாட்டுக் கதவுகளுக்கும் இதையே போடுகிறார்கள். அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டுநர் சங்கம் 2019இல் ஆறு கருவிகளைச் சோதித்து வெளியிட்டது: மூன்று ஸ்பிரிங் ரகம், மூன்று சுத்தியல் ரகம். டெம்பர்ட் கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. அங்கே 2018 மாடல் வாகனங்களில் மூன்றில் ஒன்றுக்குப் பக்கவாட்டில் லேமினேட்டட் கண்ணாடி இருந்ததாகவும் அந்த அறிக்கை சொன்னது.

உங்கள் காரில் எது என்று தெரிந்துகொள்ள எந்த நிபுணரும் தேவையில்லை. ஒவ்வொரு கண்ணாடியின் கீழ் மூலையிலும் ஒரு சின்ன முத்திரை இருக்கும். பல கார்களில் டெம்பர்ட் என்றோ லேமினேட்டட் என்றோ நேரடியாகவே ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். இல்லாவிட்டால் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மேல் விளிம்பைப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது லேமினேட்டட். எங்கள் பழைய காரில் நான்கு கதவுகளும் டெம்பர்ட். இப்போதைய காரில் முன்கதவுகள் இரண்டும் லேமினேட்டட், பின்கதவுகளும் பின்கண்ணாடியும் டெம்பர்ட். ஓட்டுநர் பக்கத்திலேயே கருவியை மாட்டிவைத்துவிட்டு, பக்கத்துக் கண்ணாடியைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு பிரயோஜனமும் இருக்காது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருப்பது இதுதான்: முன்கதவு திறக்கவில்லையா, ஜன்னல் இறங்கவில்லையா, பின்னால் போ.

வாங்கிய கருவியை நம்புவதற்கு முன் உடைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஓர் இடத்தில் கதவுகளைக் கண்ணாடியோடு கேட்டேன், அவர்களும் வேடிக்கை பார்க்கும் ஆசையில் ஒத்துக்கொண்டார்கள். ஸ்பிரிங் கருவியின் மூக்கைக் கண்ணாடியின் கீழ் மூலையில், ரப்பர் விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்து அழுத்தினேன். பேனா மூடியை அழுத்துகிற மாதிரி ஒரு தடை, அப்புறம் ஒரு 'டக்'. அவ்வளவுதான். கண்ணாடி முழுவதும் ஒரே நேரத்தில் வெளுத்தது. ஆனால் உடனே விழவில்லை. சட்டத்துக்குள் அப்படியே நின்று, மெல்லிய படபட சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கையுறைக் கையால் தள்ளியதும் கற்கண்டு கொட்டுகிற மாதிரி கொட்டியது. இந்தத் துண்டுகள் ஆளை வெட்டாது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். பெரிய வெட்டு விழாது, சரி. ஆனால் கையுறைக்கு மேலே மணிக்கட்டில் பொடிப் பொடியாகக் கீறியிருந்தது. கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கதவில், கண்ணாடியின் நடுவில் வைத்து அழுத்தியபோது கண்ணாடி லேசாக வளைந்து கொடுத்தது. மறுபடி அழுத்திய பிறகுதான் உடைந்தது. ஓரத்தில் கண்ணாடி சட்டத்தோடு பிடிபட்டிருப்பதால் வளைய இடமில்லை. அதனால்தான் மூலையில் வை என்கிறார்கள்.

சுத்தியலை வெளியே நின்று வீசியபோது நன்றாகவே உடைத்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வீசிப் பார்த்தபோதுதான் அதன் குறை புரிந்தது. ஒரு பக்கம் ஸ்டியரிங், மறுபக்கம் இருக்கையின் முதுகு. கையை ஓங்க இடமே இல்லை, முதல் அடி சாய்வாகப் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. தண்ணீருக்குள் என்றால் கதை இன்னும் மோசம், வீசுகிற வேகத்தைத் தண்ணீரே தின்றுவிடும். ஸ்பிரிங்குக்கு வீச்சு வேண்டாம், வைத்து அழுத்தினால் போதும், தண்ணீருக்குள்ளும் அதே பலம். முதியவர்களும் கைப்பலம் குறைந்தவர்களும் இதைக் கையாள முடிகிறது என்பதும் எனக்கு முக்கியம். கழற்றிப் போட்டிருந்த ஒரு முன்கண்ணாடியிலும் இரண்டையும் முயன்றோம். ஸ்பிரிங் ஒரு சின்ன நட்சத்திரத்தைப் பதித்ததோடு சரி. சுத்தியல் சிலந்தி வலை மாதிரி விரிசல் போட்டது, ஓட்டை விழவில்லை.

நிஜத்தில் ஒரே ஒரு முறைதான் தேவைப்பட்டது, அதுவும் என் காருக்கு இல்லை. வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு பெண் தன் காரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். சாவி உள்ளே, பூட்டு விழுந்துவிட்டது, பின் இருக்கையில் குழந்தை. நல்ல வெயில். மூடிய காருக்குள் வெயிலில் பத்தே நிமிடத்தில் சுமார் 11 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தையின் உடல் பல மடங்கு வேகமாகச் சூடாகும். கடைக்காரர்கள் யாரோ பூட்டுத் திறப்பவரை அழைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "அண்ணா, உடைச்சிடுங்க, ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார் அந்தப் பெண். குழந்தை பின்னால் இடது பக்கம் இருந்தது. எனவே முன்னால் வலது பக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தேன், குழந்தையிடமிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. முத்திரையைப் பார்த்தேன், டெம்பர்ட்தான். கண்ணாடி வெளுத்தது, ஆனால் விழவில்லை. அதில் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தது. நொறுங்கிய துண்டுகள் எல்லாம் அந்தப் படலத்தோடு ஒட்டிக்கொண்டு ஈரத்துணி மாதிரி தொய்ந்து நின்றன. ஒரு டவலைக் கையில் சுற்றிக்கொண்டு மூலையிலிருந்து தள்ளிப் பிரித்து, கையை விட்டுக் கதவைத் திறந்தோம். உள்ளே இருந்து வெளியேறுபவர் என்றால் காலால் உதைத்துத் தள்ளலாம். ஃபிலிம் ஒட்டியவர்கள் இந்த இரண்டாவது வேலை இருக்கிறது என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இனி, எங்கே மாட்டுவது. இவ்வளவு காலம் வைத்திருந்ததில் அதிகம் அலைக்கழித்த விஷயம் இதுதான். சாவிக்கொத்தில் மாட்டுகிற யோசனை, சாவியைத் திருகி ஓட்டிய காலத்தில் சரி. கருவியை இழுத்தால் கிளிப்பிலிருந்து கழன்று கைக்கு வரும். பொத்தானை அழுத்திக் கிளப்புகிற காரில் சாவி பாக்கெட்டிலோ கைப்பையிலோ கிடக்கிறது. சீட் பெல்ட் இறுகிக்கிடக்கும் நேரத்தில் பாக்கெட்டுக்குள் கை விட முயன்று பாருங்கள், தெரியும். பாக்கெட்டில் போனோடு சேர்த்துப் போடுவதும் வேண்டாம், உடைக்கிற கருவிக்குப் போனின் கண்ணாடி எது, கார் கண்ணாடி எது என்று தெரியாது. கிளவ் பாக்ஸ் இன்னும் மோசம். மோதலில் அது நசுங்கித் திறக்காமல் போகலாம், ஓட்டுநரின் கைக்கும் எட்டாது. டேஷ்போர்டில் சும்மா வைத்தால் மோதலில் அதுவே பறந்து வந்து தாக்கும். இருபக்க டேப்பால் ஒட்டிய சுத்தியல் தாங்கி, கோடையில் பசை இளகிப் பலமுறை கீழே விழுந்தது. கூரைக் கைப்பிடியில் கட்டலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். பல கார்களில் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அந்த இடத்திலிருந்துதான் விரிகிறது, அங்கே கடினமான எதையும் தொங்கவிடக் கூடாது.

இப்போது ஒன்று முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியின் பக்கவாட்டில், வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. இரண்டு முன் இருக்கைகளிலிருந்தும் பெல்ட்டைக் கழற்றாமலே எட்டும், கார் கவிழ்ந்தாலும் அங்கேயே இருக்கும். இன்னொன்று முன் இருக்கைத் தலைசாய்ப்பின் கம்பியில், பின்புறம் நோக்கி. தலைசாய்ப்பைக் கழற்றி அந்தக் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம், அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி அடிக்கடி வலம் வரும். அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. கதவு இடுக்கில் செருகி நெம்பி உடைத்தவர்கள் இருக்கலாம். பதற்றத்தில் பொத்தானைத் தேடித் தலைசாய்ப்பைப் பிடுங்கிக்கொண்டிருக்க நான் விரும்பவில்லை.

இந்தக் கருவிகளில் சிக்கிய சீட் பெல்ட்டை வெட்ட ஒரு பிளேடும் இருக்கும், அதுதான் இவற்றின் பலவீனமான பாதி. பழைய பெல்ட் துண்டில் பார்த்தேன். இறுக்கமாக இழுத்துப் பிடித்து, சாய்வாக ஒரே இழுப்பில் இழுத்தால் வெட்டுகிறது. தொய்வாக இருந்தால் பிளேடு நூலில் சிக்கிக்கொள்கிறது. முதல் வெட்டுக்குப் பிறகு கூர்மை கண்கூடாகக் குறைகிறது. இரண்டாவது வருடத்தில் ஒரு பிளேடில் துரு படிந்திருந்தது, அதை மாற்ற வழியில்லாத ரகம். ஸ்பிரிங் பாகத்தில் இன்றுவரை எந்தக் குறையும் இல்லை. அவ்வப்போது மென்மையான மரப்பலகையில் ஒருமுறை அழுத்திப் பார்ப்பேன், கூரான பள்ளம் விழுந்தால் சரி. விரலில் வைத்துச் சோதிக்கிற விளையாட்டெல்லாம் வேண்டாம். அந்தப் பல்கருவி வஸ்துவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை வைப்பதே சரியில்லை, கொடுத்துவிட்டேன்.

தண்ணீரில் விழுந்த கார் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் எல்லோரும் இந்தக் கருவியை வாங்குவதே அந்தப் பயத்தில்தான். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற ஆய்வாளர் உண்மையான கார்களை ஆட்களோடு தண்ணீரில் இறக்கிச் சோதித்தவர். அவர் சொல்லும் வரிசை எளிது: பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற, குழந்தைகளை விடுவி, வெளியேறு. கார் உடனே மூழ்காது, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை மிதக்கும், ஜன்னல் மோட்டாரும் பெரும்பாலும் அந்த நேரத்தில் வேலை செய்யும். அப்போது போனை எடுக்கக் கூடாது. கதவைத் திறக்கவும் கூடாது, திறந்தால் தண்ணீர் பாய்ந்து கார் சீக்கிரம் மூழ்கும். தண்ணீர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டிவிட்டால் கதவு நம் பேச்சைக் கேட்காது. பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ என்று கணக்குப் போட்டால், அரைக் கதவு மூழ்கினாலே தள்ளுகிற எடை என்னவென்று தெரிந்துவிடும். ஜன்னல் இறங்க மறுத்தால் மட்டும் கருவிக்குப் போக வேண்டும். முன்பக்கம் இன்ஜின் எடையால் முதலில் தாழும் என்பதால், எங்கள் காருக்குப் பின்கதவுதான் எப்படிப் பார்த்தாலும் வழி.

வாங்குபவர்களுக்குச் சொல்வதென்றால், ஸ்பிரிங் ரகம், கார்பைடு அல்லது பீங்கான் முனை, விரல் நுழையாதபடி உள்ளடங்கிய பிளேடு. இவை மூன்றும் இருந்தால் நிறம், வடிவம் எதுவும் பொருட்டில்லை, கண்ணில் படுகிற பளிச்சென்ற நிறமாக இருந்தால் நல்லது. எல்லாக் கண்ணாடியும் லேமினேட்டட் என்றால் இதற்குச் செலவழிக்க வேண்டாம், பெல்ட் வெட்டுவதற்கு மட்டும் வேண்டுமானால் ஒன்று வைத்துக்கொள்ளலாம். துருப்பிடித்த பிளேடு கொண்ட பழைய கருவியை நான் எறியவில்லை. ஸ்பிரிங் நன்றாக இருப்பதால், வீட்டில் மற்றவர்கள் மரப்பலகையில் அழுத்திப் பழகுவதற்கு அதைத்தான் கொடுக்கிறேன்.