காணி உறுதி (பத்திரம்) எழுதுற அன்னிக்கு புரோக்கர் கிஃப்ட் குடுக்கணுமா, வேணாமா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் காணி வீடு முடிச்சுக் குடுக்கிற ஆக்கள் நாங்க நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா இந்தப் பேச்சு வராம போகாது. ஒருத்தர் சொல்லுவாரு கமிஷன் வாங்கினா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துரணும், அதுக்கு மேல எதுக்கு செலவுன்னு, இன்னொருத்தர் சுவர்க்கடிகாரம் இல்லாம நொத்தாரிஸ் (உறுதி எழுதிக் குடுக்கிற லோயர்) ஆபீஸ் படியே ஏற மாட்டாரு. நான் ரெண்டு பக்கமும் இருந்து பாத்தவன், அதனால எழுதுறேன்.

மொதல்ல கடிகாரம், கலண்டர், பிளாஸ்க் மாதிரி சாமான். விலை குறைவு, தூக்கிட்டுப் போக லேசு, நம்ம பேரும் போன் நம்பரும் அதுல இருக்கும். ஆனா அதுதான் பிரச்சனையே. புது வீட்டு ஹோல்ல யாரு புரோக்கர் நம்பர் போட்ட கடிகாரத்தை மாட்டுவாங்க? நான் மொத மொத முடிச்ச வீட்டுக்கு அப்படி ஒண்ணு குடுத்தேன், வாங்கின அக்கா சிரிச்சுக்கிட்டே "தம்பி, இந்தக் காசை கமிஷன்ல குறைச்சிருக்கலாமே"ன்னு கேட்டாங்க பாருங்க, அன்னிக்கு எனக்கு வந்த வெக்கம் இன்னும் போகல. இத்தனைக்கும் அந்தக் கமிஷன் அவங்க குடுத்ததே இல்ல, வித்தவரு குடுத்தது.

சரி, அப்ப கமிஷனையே குறைச்சா? கணக்கு போட்டுப் பாப்போம். 60 லட்சத்துக்கு ஒரு வீடு. முத்திரை வரி மொத லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஆக 2,39,000 ரூவா வாங்குறவர் தலையில. அதுக்கு மேல லோயர் பீஸ். நம்ம கமிஷன் 3 வீதம்னு வச்சா 1,80,000, அது பெரும்பாலும் விக்கிறவர் குடுக்கிறது. அதுல 5,000 குறைச்சா யாருக்கும் ஞாபகம் இருக்காது, அடுத்த ஆளு வந்து "அவருக்கு குறைச்சீங்களே, எனக்கு?"ன்னு கேக்கிறதுதான் மிச்சம். 50,000 குறைச்சா சந்தோஷப்படுவாங்க, ஆனா ரெண்டு மாசத்துக்கு ஒரு உறுதி முடிக்கிறவனுக்கு அது வயித்துல அடிக்கிற வேலை. அதனால எனக்கு இது சரிப்படல.

தேயிலைத்தூள் பெட்டி குடுக்கிறவங்களும் இருக்காங்க. கொழும்புலருந்து வந்து லீவுக்கு வீடு வாங்குறவங்களுக்கு சரி. ஹட்டன்காரனுக்கு தேயிலை குடுக்கிறது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதைதான். லட்சுமி படம், குத்துவிளக்கும் அப்படித்தான், ஆள் பாத்து குடுக்கணும், நம்மகிட்ட வாங்குறதுல முஸ்லிம் ஆக்கள், வேதக்காரங்க, சிங்கள ஆக்கள் எல்லாரும் இருக்காங்க.

அமெரிக்காவுல இருக்கிற என் சின்னம்மா மகன் வீடு வாங்கினப்ப ஏஜென்ட் ஒரு பெரிய கூடை நிறைய சாமான் குடுத்தாராம், போட்டோ அனுப்பியிருந்தான். அங்க அது ஒரு வழமை. ஆனா அங்கயும் வருமான வரிக்காரன் தொழில் கிஃப்ட்னு கழிக்க விடுறது ஒரு ஆளுக்கு வருசத்துக்கு 25 டொலர்தான், 1962ல வச்ச அளவு இன்னும் அப்படியே கெடக்கு. இன்னொரு விசயம், 1974ல அங்க வந்த சட்டப்படி வீட்டுக் கடன், பத்திர வேலைக்கெல்லாம் ஆள் அனுப்பினதுக்கு கைக்குள்ள காசோ சாமானோ வாங்கக் கூடாது, குடுக்கவும் கூடாது. வீடு வாங்கினவருக்கு கூடை குடுக்கிறது வேற, ஆள் புடிச்சுக் குடுத்தவருக்கு கவர் குடுக்கிறது வேறன்னு அவங்க கோடு போட்டு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல அந்தக் கோட்டை நாமளாத்தான் போட்டுக்கணும்.

இப்ப நான் செய்யிறது. நொத்தாரிஸ் மேசையில ஒண்ணும் குடுக்கிறதில்ல. அங்க ரெண்டு சாட்சி உக்காந்திருப்பாங்க, காசு எண்ணுற நேரம், எல்லார் முகமும் இறுகிப் போயிருக்கும், அப்ப பார்சலை நீட்டினா எதையோ மறைக்கத்தான் குடுக்கிறான்னு நெனைப்பாங்க. அதுக்குப் பதிலா அலைச்சலை நான் எடுத்துக்கிறேன். கையெழுத்து வச்சதோட வேலை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, இல்லீங்க. உறுதி காணிப் பதிவகத்துல பதிவாகணும், பதிவாகாம கெடக்கிற நேரத்துல அதே ஆளு அதே காணியை இன்னொருத்தருக்கு எழுதிக் குடுத்து அது முந்திப் பதிவாயிட்டா, நம்ம ஆளுக்கு காணி கையை விட்டே போகலாம். பதியிறது லோயர் வேலைதான், ஆனா போன் போட்டு போட்டு, தேவைன்னா பஸ் ஏறி நுவரெலியா போய், பதிஞ்ச உறுதியைக் கொண்டாந்து வீட்டுக்காரர் கையில குடுக்கிறது நான். பிறகு வரிப் பதிவுல பேர் மாத்துறது, லைட் பில், தண்ணி பில்லு. மூணு நாலு நாள் போகும், செலவு ரெண்டாயிரம் மூவாயிரம்தான், ஆனா ஆறு வருசம் கழிச்சும் "அந்தத் தம்பிதான் எல்லாம் அலைஞ்சு குடுத்தது"ன்னு சொல்றாங்க.

ஒண்ணு மட்டும் கலக்கக் கூடாது. மண்சரிவு பயம் இருக்கிற எடத்துல தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து அறிக்கை, காணி பெர்மிட்டா (அரசாங்கம் அனுமதிப் பத்திரத்துல குடுத்ததா) உறுதியா, பெர்மிட்னா விக்கலாமாங்கிறது, இதெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடியே சொல்ல வேண்டிய கடமை. 2014 அக்டோபர்ல மீரியபெத்தையில மலை சரிஞ்சு தோட்டத்து ஆக்கள் இருந்த லயவீடெல்லாம் மண்ணுக்குள்ள போனதைக் கண்ட மலையகத்துல இருந்துக்கிட்டு அதை மறைச்சுட்டு குத்துவிளக்கு குடுக்கிறவனை என்னன்னு சொல்றது.

சாமானா எதாவது குடுத்தே ஆகணும்னா பால் காய்ச்சுற அன்னிக்குப் போறேன், பாத்திரமோ பழமோ கொண்டு போறது, நம்ம ஆக்களும் காய்ச்சுவாங்க சிங்கள ஆக்களும் காய்ச்சுவாங்க, அங்க யாரும் புரோக்கர்னு பாக்கிறதில்ல, உக்காத்தி வச்சு சோறு போடுவாங்க.

இதுல எல்லாரும் மறக்கிறது வித்தவரை. காசு குடுக்கிறது அவரு, கிஃப்ட் போறது வாங்கினவருக்கு. போன வருசம் ஒரு பெரியவர் புள்ளைங்க வெளிநாட்டுக்குக் கூப்பிட்டதால வீட்டை வித்தாரு, கையெழுத்து வச்சுட்டு பேனாவை மூடாமலே வச்சிருந்தாரு. அவரு பொஞ்சாதி வச்ச ரோசாச் செடி ஒண்ணு வாசல்ல நிக்குது, வாங்கினவங்ககிட்ட கேட்டு அதுல ரெண்டு கம்பு வெட்டி தொட்டியில ஊனிக் குடுத்தேன். வெளிநாட்டுக்குக் கொண்டு போக ஏலாதுன்னு அவருக்கும் தெரியும். கொழும்புல தங்கச்சி வீட்டுல வச்சிருக்காரு, ஒரு கம்பு துளிர்த்திருச்சுன்னு போன் பண்ணினாரு.