முகபொம்மையை விடுங்கள், ஆலோசகரைக் கேளுங்கள்

மாணவர் மனநலச் சேவை ஒன்றை எங்கள் பள்ளி எடுத்து ஒரு வருடம் ஆகிறது. நான் ஒன்பதாம் வகுப்பு வகுப்பாசிரியை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த மாதிரிச் சேவை எடுக்க யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

தினமும் காலையில் பிள்ளைகள் டேப்லெட்டில் ஒரு முகபொம்மையைத் தொட வேண்டும். பின்னால் நிற்பவன் எட்டிப் பார்க்கும்போது எந்தப் பிள்ளை அழுமூஞ்சியைத் தொடும்? முதல் வாரம் முழுக்க எல்லாரும் சிரித்த முகம்தான். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை ஒருத்தி அழுமூஞ்சியைத் தொட்டிருக்கிறாள். எச்சரிக்கை மின்னஞ்சல் என் கண்ணில் பட்டது திங்கட்கிழமை. யார் பார்ப்பது, எத்தனை மணிக்குள் பார்ப்பது என்று செயலியில் எங்கும் இல்லை. புகார் செய்தோம். அடுத்த பதிப்பில் சரியாகும் என்றார்கள். அடுத்த பதிப்பில் பொம்மை கண் சிமிட்டியது.

பருவத்துக்கு ஒருமுறை வினாத்தாள். நல்லவேளை, அதை அவர்களே தயாரிக்கவில்லை. பிரிட்டன் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.கியூ.தான், பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் வினாத்தாள். 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் பொருந்தாது, ஓரளவு பொருந்தும், நிச்சயம் பொருந்தும் என்று மூன்று பதில். நாங்கள் தாளில் கொடுத்தோம். வகுப்பையே சிரிக்க வைக்கும் பையன் ஒருவன், ஒரு நல்ல நண்பராவது உண்டா என்கிற வரியில் பேனாவை நிறுத்தினான். ஒரு கட்டத்தில் டிக் போட்டான், அடித்தான், பக்கத்துக் கட்டத்தில் போட்டான், அதையும் அடித்தான். நான் எட்டிப் பார்த்தது தப்புதான். ஆனால் அவனுடைய மொத்த மதிப்பெண் கவலைப்படும் அளவுக்கு வரவில்லை. அந்த அடித்தல்தான் என்னை அவனிடம் பேச வைத்தது. திரையில் நிரப்பியிருந்தால் அது மிஞ்சியிருக்காது. இன்னொன்று: இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை இல்லை, யாரைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று காட்டும் வடிகட்டி. எங்கள் ஆசிரியர் அறையிலோ "இவனுக்குப் பதினெட்டாம்" என்று தேர்வு மதிப்பெண் மாதிரி பேசினார்கள்.

கொடுத்த காசு வீண் போகாதது ஆலோசகரால்தான். வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். யார் போனாலும் முதலில் அவர் சொல்வது, "நீ சொல்வது என்னோடு இருக்கும்; உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்." எங்களுக்கும் ஒரு மதியம் வகுப்பு எடுத்தார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் இல்லாததைக் கிளப்பிவிடுவோமோ என்று பயந்துகொண்டிருந்தோம். அப்படி ஆவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன என்றார். சுற்றி வளைக்காமல் கேட்பதை இருவர் இருவராக உட்கார வைத்துப் பழக்கினார். எனக்கு மூன்றாவது முறைதான் வாய் வந்தது.

குறை, ஆள் போதாது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்கிறது. எங்களிடம் தொள்ளாயிரம் பேர், அவருக்கு இரண்டே நாள். அவர் அறையைத் தலைமையாசிரியர் அறைக்கு எதிரே போட்டது எங்கள் தப்பு. மாடிக்கு மாற்றிய பிறகுதான் பிள்ளைகள் தாங்களாகவே போக ஆரம்பித்தார்கள்.

அடுத்த ஆண்டு பொம்மை வேண்டாம், அந்தக் காசுக்கு ஆலோசகரின் நாட்களைக் கூட்டுங்கள் என்று கேட்டிருக்கிறோம். பிரித்துத் தர முடியாது என்கிறது நிறுவனம். பேசிக்கொண்டிருக்கிறோம்.