பள்ளிச் சேர்க்கை: பெற்றோர் சொல்வதும் பள்ளி எழுதித் தருவதும்

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, சேலத்தில் மூன்று வயது நிரம்பப்போகும் குழந்தை இருக்கிற வீடுகளில் பள்ளிச் சேர்க்கைப் பேச்சு தொடங்கிவிடுகிறது. அஸ்தம்பட்டியிலோ சூரமங்கலத்திலோ ஒரு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "எல்கேஜி விண்ணப்பம் எப்போது தருகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டால், சற்று நேரத்தில் ஆளுக்கொரு பதில் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம் பள்ளி அலுவலகம், வட்டாரக் கல்வி அலுவலகம், கல்வித் துறையின் இணையதளம் என்று எழுத்தில் விடை கிடைக்கும் இடங்களும் இருக்கின்றன. இந்த இரண்டில் எதை எந்தக் கேள்விக்கு நம்பலாம் என்று பிரித்துப் பார்க்காமல் பணம் கட்டிவிடுவதால்தான் பல குடும்பங்கள் ஜூன் மாதத்தில் தவிக்கின்றன.

பள்ளியின் அன்றாட நடப்பைப் பொறுத்தவரை பெற்றோர் சொல்லுக்கு நிகராக எதுவும் இல்லை. அம்மாபேட்டையில் காலை ஏழு மணிக்கு வேனில் ஏறும் குழந்தை, ஊரைச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எவ்வளவு நேரம் கழித்துப் பள்ளி வாசலில் இறங்குகிறது என்பதை எந்தப் பள்ளியின் கையேடும் அச்சிடுவதில்லை. வகுப்பாசிரியர் ஆண்டின் நடுவில் மாறினாரா, கழிப்பறை மதியத்துக்குப் பிறகும் சுத்தமாக இருக்கிறதா, காய்ச்சல் கண்ட குழந்தையைப் பற்றி வீட்டுக்கு எத்தனை விரைவாகச் சொல்கிறார்கள் என்பவற்றையெல்லாம் அங்கே பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்தான் சொல்ல முடியும்.

ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளுக்கு இது இன்னும் பொருந்தும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே விட்டுவரும் குழந்தை, பனியும் மழையும் கூடிய மாதங்களில் எப்படி இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது, வாரத்தில் எத்தனை முறை வீட்டோடு பேச விடுகிறார்கள் என்பதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அறிய முடியாது. ஆனால் சொல்பவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1917-இல் தொடங்கப்பட்ட மாண்ட்ஃபோர்ட் போன்ற பழைய பள்ளிகளைப் பற்றி, அங்கே படித்து முப்பது ஆண்டுகளுக்கு முன் வெளியேறியவர்கள் மிகுந்த பாசத்தோடு பேசுகிறார்கள். அந்தப் பாசம் உண்மையானது என்றாலும், இன்றைய விடுதி அறையைப் பற்றி அதிலிருந்து எதுவும் தெரிந்துவிடாது.

கட்டணம் என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்த நிர்ணயம் மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெற்றோர் சொல்லும் தொகையோ பெரும்பாலும் எல்லாவற்றையும் கூட்டிய ஒற்றை எண். அவரிடம் உள்ள ரசீதை வாங்கிப் பார்த்தால், கல்விக் கட்டணம் அச்சிட்ட தாளில் ஒரு வரியாகவும், புத்தகம், சீருடை, வேன் ஆகியவை வேறு சீட்டுகளிலும் இருக்கும். சில இடங்களில் ஒரு பகுதிக்குச் சீட்டே இருக்காது. ஆகவே கட்டணத்தைப் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவதும், அதைக் கட்டண நிர்ணயக் குழுவின் நிர்ணயத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும்தான் சரியான வழி. சிபிஎஸ்இ பள்ளியாக இருந்தால், கட்டண விவரம், ஆசிரியர் விவரம், தீயணைப்புத் துறைச் சான்று முதலியவற்றைத் தன் இணையதளத்தில் வெளியிட அது கடமைப்பட்டிருக்கிறது. பெற்றோரில் பலர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பெற்றோர் குழுக்களில் எனக்கு மிகவும் கவலை தருவது "நேர்காணலில் என்ன கேட்டார்கள்?" என்ற கேள்விதான். நிறங்களின் பெயர், ஆங்கிலப் பாட்டு, தாயின் படிப்பு, தந்தையின் வேலை என்று பட்டியல் போட்டுப் பகிர்கிறார்கள். அதைப் பார்த்து வீட்டில் குழந்தைக்குப் பயிற்சி நடக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் சட்டம் பொருந்தும் பள்ளி ஒன்று ஒன்றாம் வகுப்புக்கே தேர்வு வைத்தாலும், "அங்கே அப்படித்தான்" என்று குழு சமாதானம் சொல்லிவிடுகிறது. நல்ல எண்ணத்தோடு செய்யும் உதவியே தவறான வழக்கத்தை நிலைக்கச் செய்கிறது.

தேதியும் வயதும் அப்படியே. பழைய செய்தி ஒன்று ஆண்டைத் தாண்டியும் சுற்றிக்கொண்டிருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை வழக்கமாகக் கோடையில் நடக்கும் என்றாலும், 2025-இல் மத்திய அரசின் நிதி தொடர்பான இழுபறியால் அக்டோபர் வரை தள்ளிப்போனது. கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஐந்து போதும். இரண்டையும் கலந்து சொல்லும் ஒரு பதிவை நம்பிக் குழந்தையின் ஓராண்டை இழக்க வேண்டியதில்லை. அவசரத்தில் பிறப்புச் சான்றையும் ஆதாரையும் படமெடுத்துக் குழுவில் போட்டு "இது போதுமா?" என்று கேட்பதையும் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

குழுவில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். கொண்டலாம்பட்டியில் தறி ஓட்டுபவர்களும் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்களும் இந்த உரையாடல்களில் அநேகமாக இருப்பதில்லை. ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அந்த 25 சதவீத இடங்களில் உரிமை உண்டு, விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடினால் குலுக்கல் நடக்கும் என்ற செய்தி, அது மிகவும் தேவைப்படுகிறவர்களுக்குக் குழு வழியாகப் போய்ச் சேர்வதில்லை. அரசுப் பள்ளியின் பெயரும் அங்கே எழுவதே இல்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 25 சதவீத ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் அதைப் பெறலாம். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. வீட்டுக்கு அருகில் உள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரை நேரில் போய்ப் பார்த்தால், இவற்றையெல்லாம் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.