சாயத் தண்ணீருக்கு யுவி–பெராக்சைடு: 4 வருட அனுபவம்

திருப்பூரில் எங்கள் சாயப்பட்டறையில் பயாலஜிகல் தொட்டிக்கும் (நுண்ணுயிர் கழிவைத் தின்னும் தொட்டி) ஆர்ஓவுக்கும் (உப்பைப் பிரிக்கும் மெம்பரேன் வடிகட்டி) நடுவில் யுவி–பெராக்சைடு யூனிட் ஓட ஆரம்பித்து 4 வருடம் ஆகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஊர்ப் பட்டறைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். கலர் தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போனாலும் எனக்குத் தூக்கம் வராது.

254 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டதும் பெராக்சைடு உடைந்து, கண்டதையும் தாக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் ஆகிறது. அது சாயத்துக்கு நிறம் தருகிற அசோ பிணைப்பை அறுத்ததும் நிறம் போய்விடும். ப்ளீச்சிங்குக்கு வாங்குகிற அதே 50 சதவீத பெராக்சைடுதான், தனியாக எதுவும் வாங்குவதில்லை.

முதல் வருடம் மட்டும் சாயக்கழிவைப் பயாலஜிகலுக்கு அனுப்பாமல் நேராகவே யுவி யூனிட்டுக்குள் விட்டோம். கறுப்புச் சாயம் ஓடிய நாட்களில் விளக்கு எரிந்தும் பயனில்லை. அடர்ந்த நிறமே ஒளியைக் குடித்துவிடும், விளக்குக் குழாயை ஒட்டிய தண்ணீர் மட்டும் வெளுக்கும். பயாலஜிகல், மணல் வடிகட்டி இரண்டையும் தாண்டி வரும் தண்ணீருக்கு மாற்றிய பிறகுதான் யூனிட் உழைக்க ஆரம்பித்தது.

அடுத்த தொல்லை சோடா. ரியாக்டிவ் சாயம் துணியில் பிடிக்கப் போடுகிற சோடா உப்பின் கார்பனேட், ரேடிக்கலைத் தின்றுவிடுகிறது. இப்போது ஆசிட் விட்டு பிஎச்சை 5 பக்கம் இறக்கி, கார்பனேட் வாயுவாகப் போகக் காற்று ஊதிய பிறகே யுவிக்கு அனுப்புகிறோம். பெராக்சைடு செலவு நன்றாகவே குறைந்தது.

விளக்கை மூடியிருக்கும் குவார்ட்ஸ் குழாயில் சுண்ணாம்பும் இரும்பும் படியும். வாரம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட்டில் கழுவுகிறோம். விளக்கு நீலமாக எரிகிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள், கண்ணுக்குத் தெரிகிற நீலம் வேலை செய்யும் ஒளி அல்ல. எரிந்த மணிக்கணக்கு வைத்து விளக்கை மாற்றுங்கள். மூடியைத் திறக்கும் முன் கரண்டை நிறுத்துங்கள், கண் போய்விடும்.

மிச்சப் பெராக்சைடு ஆர்ஓ மெம்பரேனைக் கெடுக்கும், சிஓடி (தண்ணீரில் கழிவு எவ்வளவு என்று காட்டும் அளவு) ரிப்போர்ட்டையும் கூட்டிக் காட்டும். சிஓடி ஏறியதைப் பார்த்து ஒரு மாதம் பயாலஜிகல் தொட்டியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பிஎச்சை 7க்கு ஏற்றி, ப்ளீச் முடிந்த துணிக்குப் போடுகிற, பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்சைமையே இதற்கும் போடுகிறோம்.

இவ்வளவு செய்தும் உப்பு ஒரு கிராம்கூடக் குறையாது. ஆர்ஓவும், மிச்ச உப்புத் தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் இருந்தே ஆக வேண்டும். திருப்பூர் சாயக்கழிவு போய்த் தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் வயலையும் கிணற்றையும் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குத்தான் பெரிய பங்கு. தெளிந்த தண்ணீரைக் காட்டி "சுத்தமாயிடுச்சுங்களே, விட்டுறலாங்களா?" என்று யாராவது கேட்டால், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன்.